பதினெட்டு நாள் பள்ளிக்கூடம்

*இழந்துபோன சடங்குகளை மேற்குலகம் பட்டறை போட்டுத் தேடிக் கற்கிறது. புத்தளக் கரையின் திரௌபதை அம்மன் விழாவில் ஓர் ஊரே ஆண்டுதோறும் அதைக் கற்றுக்கொண்டிருக்கிறது. நம் கையில் இருப்பதன் அருமை நமக்குத் தெரிகிறதா?*

கரைத்தீவு என்றதும் இலங்கைத் தமிழரில் பெரும்பாலானோர் கிழக்கைத்தான் நினைப்பார்கள். சுவாமி விபுலாநந்தர் 1892இல் பிறந்த ஊர் அது. கண்ணகை அம்மனுக்கு வைகாசியில் குளிர்த்தி நடக்கும் ஊர். யாழ்ப்பாணத்துக் காரைநகருக்கும் முன்னாளில் கரைத்தீவு என்றே பெயர். மூன்றாவது கரைத்தீவு ஒன்று புத்தளத்தில் உண்டு. கற்பிட்டிக்கு வடக்கே, ஒருபுறம் திறந்த கடலும் மறுபுறம் போர்த்துக்கல் விரிகுடாவும் நெருக்க, ஒல்லியாக நீண்டு கிடக்கிறது அந்த மணல் நிலம். மீன்பிடி வாடிகளும் உப்புக் காற்றும்தான் அங்கே பெரும் சொத்து.

அந்த மணலில் நின்று சுற்றிலும் பார்த்தால் இந்தக் கரையின் வயது புரியும். விரிகுடாவுக்கு அப்பால், வில்பத்துக் காட்டுப் பக்கம் பொம்பரிப்பு. ஆதிச்சநல்லூரை நினைவூட்டும் முதுமக்கள் தாழிகளைத் தொல்லியலாளர் அங்கே தோண்டி எடுத்திருக்கிறார்கள். கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே இங்கு வாழ்ந்தவர்கள், இறந்தவரைத் தாழியில் வைத்து முறையோடு அனுப்பிவைத்திருக்கிறார்கள். வடக்கே குதிரைமலை முனை. அல்லி அரசாணி அங்கிருந்து ஆண்டாள் என்பது வழிவழியாக வரும் கதை. அல்லி யார்? தமிழ் நாட்டார் கதைகளில் அர்ச்சுனன் கைப்பிடித்த அரசி. அப்படிப் பார்த்தால் அர்ச்சுனன் இந்தக் கரைக்கு மருமகன். பாரதம் இங்கே சம்பந்தி வீட்டுக் கதை.

தெற்கே, புத்தளத்துக்கும் சிலாபத்துக்கும் இடையில், பத்துளுஓயாவிலிருந்து கடலை நோக்கித் திரும்பினால் உடப்பு. தமிழ் மீனவர் வாழும் பழைய ஊர். தம் முன்னோர் இராமநாதபுரக் கரையிலிருந்து வந்தவர்கள் என்பது ஊர் மரபு. அங்கே ருக்மணி சத்தியபாமா சமேத பார்த்தசாரதியோடு கோயில் கொண்டிருக்கிறாள் திரௌபதை அம்மன். ஆடி மாதத்தில் பதினெட்டு நாள் அவளுக்கு விழா. முடிவில் தீமிதிப்பு.

ஆண்டுதோறும் பத்திரிகைகளில் தணலில் நடப்பவரின் படம் வருகிறது. படத்தில் ஒரு நொடி மட்டுமே தெரியும். அந்த நொடிக்குப் பின்னால் இருக்கும் பதினெட்டு நாளும், அதற்கும் பின்னால் இருக்கும் தலைமுறைகளும் படத்தில் வருவதில்லை. அந்தத் தலைமுறைகள் எதை, எப்படிக் கற்றுக்கொடுத்தன என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

இலங்கை மலையில் இருந்த ஓர் ஆங்கிலேயர்

முதலில் கொஞ்சம் தூரம் போய்வர வேண்டும்.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தம்மைப் ‘பேகன்’ என்று அழைத்துக்கொள்ளும் மக்கள் பெருகிவருகிறார்கள். கிறிஸ்தவம் பரவுவதற்கு முன் தம் முன்னோர் வணங்கிய தெய்வங்களையும், பருவங்களையும், மரத்தையும், நெருப்பையும் மீண்டும் வணங்க விரும்புகிறவர்கள் அவர்கள். 2021ஆம் ஆண்டின் இங்கிலாந்து, வேல்ஸ் குடிமதிப்பில் சுமார் 74,000 பேர் தம் சமயம் பேகன் என்று எழுதினார்கள். ஐஸ்லாந்து 1973லேயே அத்தகைய சமய அமைப்பு ஒன்றுக்கு அங்கீகாரம் கொடுத்தது. லித்துவேனியாவின் ‘ரோமுவா’ சமயத்தார் பல ஆண்டுகள் போராடி, ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை சென்று, 2024 டிசம்பரில் தம் நாட்டு நாடாளுமன்றத்தின் அங்கீகாரத்தைப் பெற்றார்கள்.

‘பேகன்’ என்பதன் லத்தீன் மூலத்துக்குப் பொருள் ‘நாட்டுப்புறத்தான்’. நகரத்தார் சமயம் மாறிய பின்னும் ஊர்த் தெய்வத்தை விடாதவனுக்கு ஏளனமாக ஒட்டிய பெயர் என்று பலர் விளக்குவார்கள். தமிழில் நாம் ‘நாட்டார் வழிபாடு’ என்கிறோமே, ஏறக்குறைய அதே சொல்தான். ‘சிறுதெய்வம்’ என்று நாம் சொல்லிப் பழகியதிலும் அதே ஏளனத்தின் வாடை உண்டு.

இந்த நவீன பேகன் இயக்கத்தின் முதன்மைக் கிளை ‘விக்கா’. அதை உலகறியச் செய்தவர் ஜெரால்ட் கார்ட்னர் என்ற ஆங்கிலேயர். 1954இல் வெளிவந்த அவருடைய நூலிலிருந்துதான் அந்த இயக்கம் பரவலாக வளரத் தொடங்கியது. அவர் இளமையைக் கழித்த இடங்களில் ஒன்று இலங்கை என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. 1900இல், பதினாறு வயதில், தேயிலைத் தோட்டத்தில் வேலை கற்க அவர் இங்கு வந்தார். மஸ்கெலியாப் பகுதியில் இருந்தார். 1908இல் போர்னியோ சென்றார். அவர் வாழ்ந்த அதே மலைகளில் தமிழ்த் தொழிலாளர் காமன் கூத்தும், பொன்னர் சங்கரும், அர்ச்சுனன் தபசும் ஆடினார்கள். லயத்தில் பிறந்தவனுக்கு அர்ச்சுனன் தபசைக் கற்றுக்கொடுக்க யாரும் வகுப்பு வைக்கவில்லை. அப்பன் ஆடும்போது பந்தம் பிடித்து நின்றான். அடுத்த தலைமுறையில் அவன் ஆடினான்.

மேற்கில் அந்தக் கண்ணி அறுந்து நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. அதனால் அவர்கள் கூட்டம் கூட்டிப் பயிற்சி கொடுக்க வேண்டியிருக்கிறது. செலீனா ஃபாக்ஸ் 1974இல் தொடங்கிய ‘சர்க்கிள்’ என்ற அமைப்பு, 1980 முதல் அமெரிக்காவில் ‘பேகன் ஸ்பிரிட் கேதரிங்’ என்ற பெயரில் ஆண்டுக் கூடலை நடத்திவருகிறது. கோடையின் மிக நீண்ட பகலை ஒட்டி ஒரு வாரம் கூடாரம் அடித்துத் தங்குகிறார்கள். அந்த ஒரு வாரத்துக்கு ஒரு கிராமம் உருவாகிறது. பகலில் பட்டறைகள் நடக்கின்றன: மூலிகை அறிவது, மேளம் அடிப்பது, சேர்ந்து பாடுவது, தியானம் பழகுவது, சடங்கு ஒன்றை எப்படி அமைப்பது என்று கற்பது. இரவில் நெருப்பைச் சுற்றி வழிபாடு. பிறப்பையும் பருவமடைதலையும் மரணத்தையும் சடங்கோடு எதிர்கொள்ள அவர்கள் மறுபடியும் கற்கிறார்கள்.

நான் இதை மதிப்போடுதான் சொல்கிறேன். தொலைத்த ஒன்றைத் தொலைத்தோம் என்று ஒப்புக்கொண்டு, வளர்ந்த பிறகும் மாணவராக உட்கார்ந்து கற்பதற்கு நேர்மை வேண்டும். ஒரு சடங்கைக் கூடிச் செய்யக் கூட்டம் போதாது, பயிற்சியும் வேண்டும் என்பதை அந்தப் பட்டறைகள் உணர்த்துகின்றன. அந்தப் பாடத்தை மனத்தில் வைத்துக்கொண்டு உடப்புக்குத் திரும்புவோம்.

கொடியேறிய பின்

ஆடியில் மேற்குக் கடல் கொந்தளிக்கும். சோளகக் காற்று கரையை அறையும். கரைவலை வளைக்க அது காலமில்லை. வலை உலரும் அந்த நாள்களில் ஊர் கோயிலை நோக்கித் திரும்புகிறது. பிழைப்புக்கு வேறு கரைகளில் வாடி கட்டியவர்களும் வீடு வந்து சேர்கிறார்கள்.

கொடி ஏறியதும் ஊரின் நடை மாறுகிறது. காப்புக் கட்டியவரின் மணிக்கட்டில் மஞ்சள் தோய்ந்த நூல். பார்க்க அற்பமான ஒரு நூல்தான். அதைக் கட்டியவர் மச்சம் தொடமாட்டார். மீனால் பிழைக்கும் ஊரில் மீனை ஒதுக்கிவைப்பது எவ்வளவு பெரிய விரதம் என்பதை நினைத்துப் பாருங்கள். வீட்டுச் சட்டி பானைகள் தேய்த்துக் கவிழ்க்கப்படுகின்றன. கோபமாக ஒரு சொல் வந்தால், எதிரே இருப்பவர் அந்த நூலைக் கண்ணால் காட்டுவார். சொன்னவர் அடங்கிவிடுவார். மணிக்கட்டில் கட்டிய அந்த நூலே விழா முடியும் வரை ஆசிரியர்.

பிறகு பாரதம் ஊருக்குள் நடக்கத் தொடங்குகிறது. திரௌபதை வழிபாடு இருக்கும் இடங்களிலெல்லாம் இதுதான் அமைப்பு: கதை வாசிக்கப்படும், வாசித்தது நிகழ்த்தப்படும், நிகழ்ந்தது நெருப்பில் முடியும். கிழக்கே கல்முனைப் பக்கத்துப் பாண்டிருப்பில் இதை மிக விரிவாகக் காணலாம். பாண்டவர் வேடம் பூண்டவர்கள் வனவாசம் போவார்கள். வீதிகள் அன்று காடாகிவிடும். அர்ச்சுனன் தவநிலைக்கு ஏறுவான். இறுதி நாளில் தீப்பள்ளயம். அந்த ஊரின் பெயரிலேயே பாண்டவர் இருப்பதாக மக்கள் சொல்வார்கள்.

தமிழகத்தில் இந்த வழிபாட்டின் மையம் செஞ்சி வட்டாரம். அமெரிக்க அறிஞர் ஆல்ஃப் ஹில்டபைட்டல் அங்குள்ள மேலச்சேரியையும் சுற்றுவட்டாரத்தையும் ஆராய்ந்து திரௌபதை வழிபாடு பற்றி 1988இலும் 1991இலும் இரண்டு பெரும் தொகுதிகளை வெளியிட்டார். அங்கே பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து. படுகளத்தன்று துரியோதனன் மண் உருவமாக மைதானத்தில் மல்லாந்து கிடப்பான். பல முழ நீளம். அவன் தொடை பிளக்கப்பட்ட பிறகுதான் அவிழ்ந்த கூந்தலைத் திரௌபதை முடிவாள். அதற்குப் பின்தான் தீமிதி. இலங்கையின் மேற்குக் கரைத் தமிழ் மீனவர் கிராமம் ஒன்றில் தங்கி ஆராய்ந்த ஜப்பானிய மானிடவியலாளர் மசகாசு தனாக்கா, இத்தகைய விழாக்களையும் அங்குள்ள தெய்வங்களையும் அடியார்களையும் பற்றித் தனி நூலே எழுதினார்.

இந்தக் கதையில் மக்களை இழுப்பது எது? ஒரு பெண் சபை நடுவே அவமானப்பட்டாள். பெரியவர்கள் வாய் மூடி இருந்தார்கள். அவள் மறக்கவில்லை. முடியாத கூந்தலோடு பதின்மூன்று ஆண்டு காத்திருந்தாள். சபையில் கேட்ட கேள்விக்குப் பதில் வராமல் அவள் நெருப்பை அணைக்கவில்லை. அநியாயம் நடந்தால் ஊர் வாய் மூடி இருக்கக் கூடாது என்பதை ஒவ்வோர் ஆண்டும் ஒரு முழு ஊர் உட்கார்ந்து கேட்கிறது. இதைவிடப் பெரிய பாடம் எந்தப் பட்டறையில் கிடைக்கும்?

தணலின் இலக்கணம்

தீமிதிப்பு நாளுக்கு வருவோம். பார்க்க வந்தவர் கண் நடப்பவர்மீது இருக்கும். நாம் குழியைப் பார்ப்போம்.

தீக்குழி வெட்டுவது ஒரு கலை. நீளமும் அகலமும் மரபில் நிற்பவை. கட்டைகளை அடுக்குவதில் முறை உண்டு. காற்று உள்ளே புகுந்து எல்லாம் ஒரே சீராக எரிய வேண்டும். வேகாத கட்டை ஒன்று மிச்சமிருந்தால் அது காலைப் பதம்பார்க்கும். பழைய பலகையோடு ஆணி ஏதும் வந்துவிடாமல் பொறுக்க வேண்டும், ஏனென்றால் காய்ந்த இரும்பு கரியைப்போல இரக்கம் காட்டாது. மணிக்கணக்கில் எரிந்து சுவாலை அடங்கிய பிறகு, நீண்ட கம்புகளால் தணலைத் தட்டிச் சமப்படுத்துகிறார்கள். அந்த வேலையில் நிற்பவர் முகத்தை ஈரத் துணியால் மூடியிருப்பார். தோல் பொசுங்கும் வெப்பம். அவர் கம்பைச் சாய்த்து, ஒரு மேட்டை உடைத்து, பள்ளத்தை நிரப்பி, பின்வாங்கி, தலையைச் சாய்த்து மட்டம் பார்ப்பார். வயலில் பரம்படித்தவனுக்கும் கரையில் வலையின் மட்டம் பார்த்தவனுக்கும் வாய்க்கும் கண் அது. செந்நிறத்தின்மேல் சாம்பல் மெல்லிய போர்வையாகப் படியும்போது, ‘பதம்’ என்று மூத்தவர் தலையசைப்பார். அந்தப் பதம் எந்த ஏட்டிலும் எழுதியில்லை. அடுத்து நிற்கும் இளைஞன் அதைப் பார்த்து வைத்துக்கொள்கிறான்.

நடப்பவருக்குச் சொல்லப்படுவதும் மிகக் கொஞ்சம். “தம்பி, ஓடாதே. நிற்கவும் நிற்காதே. அம்மாளை நினைச்சு நேரே பார்த்து நட.” அவ்வளவுதான். ஓடினால் விரல்கள் தணலுக்குள் புதையும். தயங்கி நின்றால் சுடும். ஒரே சீரான நடைதான் காக்கும். குழியின் இருபுறமும் பழகியவர்கள் நிற்கிறார்கள். கால் இடறினால் பிடித்து வெளியே எடுப்பது அவர்கள் பொறுப்பு. நடந்து முடிந்தவரை மறுமுனையில் தாங்கிக்கொள்ள வேறு கைகள் காத்திருக்கின்றன. நடப்பவர் ஒருவர் என்றால் அவரைச் சுற்றி வேலை செய்பவர் பத்துப் பேர். ஒவ்வொருவரும் அந்த இடத்துக்கு வருவதற்கு ஆண்டுகள் ஆகியிருக்கும். முதலில் விறகு தூக்கினார். பிறகு தண்ணீர் சுமந்தார். பிறகு கம்பு பிடித்தார்.

நெருப்பு ஏன் சுடவில்லை?

இந்தக் கேள்வியை மறைக்கத் தேவையில்லை. நம்பிக்கைக்கு இதனால் குறை வராது.

1935 செப்டம்பரில் இங்கிலாந்தின் கார்ஷால்ட்டன் என்ற இடத்தில், ஹாரி பிரைஸ் தலைமையில் ஆய்வாளர்கள் தீக்குழி ஒன்றை அமைத்தார்கள். காஷ்மீரைச் சேர்ந்த குடா பக்ஸ் அதில் வெறுங்காலோடு நடந்தார். தணலின் மேற்பரப்பு சுமார் 430 பாகை செல்சியஸ். அவர் பாதம் பொசுங்கவில்லை. அனுபவமில்லாத ஆங்கிலேயர் சிலர் முயன்று காலில் கொப்புளம் வாங்கினார்கள். ஆனால் 1937இல் நடந்த அடுத்த சோதனைகளில் சாதாரண ஆங்கிலேயர் ஒருவரும் காயமின்றி நடந்துகாட்டினார். காரணம் இதுதான்: மரக்கரி வெப்பத்தை மெதுவாகவே கடத்தும். சாம்பல் அதை இன்னும் தடுக்கும். ஒவ்வோர் அடியிலும் பாதம் தணலைத் தொடுவது அரை நொடிக்கும் குறைவு. நடை சீராக இருந்தால், அடிகளின் எண்ணிக்கையும் குறைவாக இருந்தால், தோல் வேகுமளவு வெப்பம் ஏறாது.

அப்படியானால் விரதம் எதற்கு? பதினெட்டு நாள் எதற்கு? கேட்க வேண்டிய கேள்விதான்.

நம் சடங்கை அறிவியல் காரணம் சொல்லி ‘நிரூபிப்பவர்’ ஒரு பக்கம், அதே காரணம் சொல்லி உதறுபவர் ஒரு பக்கம். எனக்கு இரண்டும் ஏற்பில்லை. விரதம் பாதத்தின் தோலை மாற்றுவதில்லை. நடையை மாற்றுகிறது. அவசரப்படாத, தயங்காத நடை ஒரு நாளில் வருவதில்லை. 2016இல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் தன்னம்பிக்கைப் பயிற்சி முகாம் ஒன்றில் மாலை வரை உரை கேட்டு, இரவில் தணலில் இறங்கியவர்களில் முப்பதுக்கும் மேற்பட்டோருக்குத் தீக்காயம் ஏற்பட்டது. தணல் அதே தணல்தான். அங்கே ஒரே நாள் உற்சாகம் இருந்தது. பல நாள் பழக்கம் இல்லை.

இன்னொரு ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. ஸ்பெயினில் சான் பெட்ரோ மன்ரிக்கே என்ற சிற்றூரில் ஜூன் மாதம் புனித யோவான் திருநாளின் முன்னிரவில் மக்கள் தணலில் நடக்கிறார்கள். பலர் தமக்கு வேண்டியவரை முதுகில் சுமந்து நடப்பார்கள். திமித்ரிஸ் சிகலாத்தாஸ் என்ற மானிடவியலாளரும் அவர் குழுவினரும் நடந்தவர், பார்த்தவர் இருவரின் நெஞ்சிலும் கருவி பொருத்தி இதயத் துடிப்பை அளந்தார்கள். 2011இல் முடிவு வெளியானது. நடந்தவரின் துடிப்பும், ஓரத்தில் அசையாமல் நின்ற அவருடைய உறவினர், நண்பரின் துடிப்பும் ஒரே தாளத்தில் ஏறி இறங்கின. வேடிக்கை பார்க்க வந்த வெளியாரிடம் அது நேரவில்லை.

குழி ஓரத்தில் கைகூப்பி நிற்கும் தாயைக் கண்ட எவருக்கும் இது புதிதாக இராது. மகன் தணலில் நடக்கும்போது அவளும் நடக்கிறாள்.

கடல் கடந்த கொடி

இந்த நெருப்பைத் தமிழர் போன இடமெல்லாம் கொண்டுபோனார்கள். சிங்கப்பூரில் 1827இல் தொடங்கிய ஸ்ரீ மாரியம்மன் கோயிலில் 1840 முதல் தீமிதி நடந்துவருகிறது. இன்றும் தீபாவளிக்கு முன் ஐப்பசியில், சிராங்கூன் சாலை சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து ஊர்வலமாகச் சுமார் நான்கு கிலோமீட்டர் நடந்து வந்து தணல் மிதிக்கிறார்கள். அதற்கு முன்னால் திரௌபதை திருமணம், அரவான் களப்பலி என்று பாரதக் காட்சிகள் ஒவ்வொன்றாக நடந்தேறும். அடுக்குமாடிகளும் வங்கிகளும் சூழ்ந்த நகரத்தின் நடுவில் இத்தனையும் நிற்கிறது. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் மொரீஷியஸிலும் ரீயூனியனிலும் பிஜியிலும் தென்னாப்பிரிக்காவிலும் தீமிதியை நிறுத்தவில்லை. தமிழ் மொழி பேரப்பிள்ளைகளின் நாவிலிருந்து நழுவிய இடங்களில்கூட, பாதம் அதை மறக்கவில்லை.

ஏன்? மொழியைப் பள்ளிக்கூடம் கைவிட்டது. சடங்கைக் குடும்பம் கைவிடவில்லை. செய்துகொண்டே கற்றது அழிவதற்கு நாளெடுக்கும்.

ஆனால் அழியும். அதைத்தான் இப்போது பேச வேண்டியிருக்கிறது.

அம்பா போன வழி

உடப்புக் கரை அம்பாப் பாடல்களுக்குப் பெயர் பெற்றது. கரைவலையின் இரு தும்பையும் இரு வரிசையாக மக்கள் பிடித்து இழுக்கும்போது ஒருவர் அடியெடுப்பார், மற்றவர் சேர்ந்து சொல்லி இழுப்பார்கள். மூச்சும் அடியும் இழுப்பும் ஒன்றாகும். அந்தப் பாட்டு இல்லாவிட்டால் ஆளுக்கொரு நேரத்தில் இழுத்து வலை கோணும். அம்பா ஓர் உழைப்புக் கருவி.

டிராக்டரில் பூட்டிய வின்ச் வலையை இழுக்கும் கரையில் அம்பாவுக்கு வேலை இல்லை. வேலை இல்லாத பாட்டு மேடைக்குப் போகிறது. கலைவிழாவில் சீருடை அணிந்து ஐந்து நிமிடம் பாடப்படுகிறது. கைதட்டு கிடைக்கிறது. பாடுபவரின் கையில் கயிறு இல்லை. மீனவரின் முதுகு நோவைக் குறைக்கும் எந்திரத்தை நான் குறை சொல்லமாட்டேன். அந்த உழைப்பு எவ்வளவு கொடியது என்பது கரையில் நின்றவர்களுக்குத் தெரியும். ஆனால் ஒரு கலை எந்த வேலையில் வேர் பிடித்திருந்ததோ அந்த வேலை போனால், கலையும் போகும் என்பதை அம்பாவிடம் கற்க வேண்டும்.

திரௌபதை விழாவுக்கும் அதே ஆபத்து வாசல்வரை வந்திருக்கிறது. பாரதம் படித்துப் பொருள் சொல்லும் மூத்தவர்களுக்குப் பின் யார்? அந்தப் பழைய தமிழைப் பிரித்து, நிறுத்தி, ராகத்தோடு வாசிக்க இளையோர் எத்தனை பேருக்குத் தெரியும்? ஒலிபெருக்கியில் பதிவுப் பாட்டு போட்டால் வாசிப்பவர் தேவையில்லை. கைப்பேசியில் நேரலை வந்தால் ஊருக்கு வரத் தேவையில்லை. வெளிநாட்டிலிருக்கும் பிள்ளை பணம் அனுப்புகிறான், கோயிலில் புதிதாகப் பளிங்கு பதிக்கிறார்கள். தரை பளபளக்கிறது. அதன்மேல் உட்கார்ந்து கதை கேட்க ஆள் குறைகிறது.

நம் ஏளனமும் சேர்ந்திருக்கிறது. யாழ்ப்பாணத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் சைவ மறுமலர்ச்சி நமக்குப் பள்ளிகளையும் அச்சு நூல்களையும் தந்தது. அந்தக் கடனை மறுக்க முடியாது. அதே இயக்கத்தில் கண்ணகி வழிபாட்டை ஆறுமுக நாவலர் கண்டித்தார். காலப்போக்கில் கண்ணகி கோயில்கள் பல ராஜராஜேஸ்வரி, புவனேஸ்வரி என்று பெயர் மாறின. கிழக்கின் கரைத்தீவில் அவள் கண்ணகையாகவே தங்கியதால்தான் குளிர்த்தியும் தங்கியது. பெயரை மாற்றினால் வெறும் பெயர் மட்டும் மாறுவதில்லை. அந்தப் பெயரோடு பாடிய பாட்டும், பாடத் தெரிந்தவரும் போய்விடுகிறார்கள்.

மாறக் கூடாதா?

மாறலாம். மாறியே வந்திருக்கிறது. சிலாபத்து முன்னேஸ்வரத்தில் காளி அம்மனுக்கு நடந்த மிருகபலி 2011இல் தடுத்து நிறுத்தப்பட்டது. அது நடந்த விதம்பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் விழா நிற்கவில்லை. மக்கள் வருகிறார்கள், சிங்களவரும் தமிழரும் சேர்ந்தே வருகிறார்கள். சடங்கில் எதை விடலாம், எதை விடக் கூடாது என்பதை அதைச் செய்து பழகிய ஊர் அறியும்.

தீமிதிப்பிலும் திருத்த வேண்டியவை இருக்கின்றன. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு தணலில் இறங்கும் வழக்கம் சில ஊர்களில் உண்டு. பெரியவர் இடறினால் பிள்ளை எரியும். நேர்த்தியைப் பெரியவர் தன் காலால் மட்டும் செலுத்தட்டும். நீரிழிவு நோயால் பாதம் மரத்தவர் சூடு தெரியாமல் நின்றுவிடலாம். அவரை அன்போடு தடுப்பது பக்திக்கு விரோதமில்லை. குழியருகே முதலுதவி வண்டி நிற்பதில் அம்மனுக்கு ஒரு குறையும் இல்லை.

விடக் கூடாதது ஒன்று உண்டு. அது கற்றுக்கொடுக்கும் ஒழுங்கு. மேற்கிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளத் தக்க ஒரே பாடம் இங்கேதான் இருக்கிறது. அவர்கள் ‘கற்றுத் தருகிறோம்’ என்று வெளிப்படையாகச் சொல்கிறார்கள். நாம் ‘பார்த்துப் பழகிக்கொள்வார்கள்’ என்று விட்டுவிடுகிறோம். பிள்ளைகள் ஊரிலேயே இருந்த காலத்தில் அது போதுமாக இருந்தது. இப்போது போதாது.

ஆகவே ஆடிக்கு முந்திய மாதங்களில் மாலைக்கு ஒரு மணி நேரம் கோயில் மண்டபத்தில் பாரத வாசிப்புப் பழகலாம். தெரிந்த மூத்தவர் ஒருவர், கேட்க ஐந்து பிள்ளைகள் போதும். பெண்பிள்ளைகளும் அதில் இருக்க வேண்டும், ஏனென்றால் இது ஒரு பெண்ணின் கதை. தீக்குழி அமைப்பவரோடு ஒவ்வோர் ஆண்டும் இரண்டு இளையோரை நிறுத்தலாம். அம்பா தெரிந்தவர் பாடுவதைப் பதிவு செய்யும்போது வரிகளோடு நிறுத்தாமல், எந்த வரிக்கு எந்த இழுப்பு என்பதையும் கேட்டு எழுதலாம். பல்கலைக்கழகங்களின் நாட்டாரியல் மாணவர்கள் விழா நாளில் படம் எடுத்துக்கொண்டு திரும்பாமல், கொடியேற்றத்துக்கு முன்பே வந்து விறகு தூக்கலாம். விறகு தூக்கியவனுக்குத்தான் கேள்வி கேட்கத் தெரியும்.

இதற்குப் பெரும் பணம் வேண்டாம். பளிங்குக்குச் செலவாவதில் ஒரு பங்கு போதும்.

ஓரத்தில் நிற்பவர்

தீமிதிப்பு முடிந்த இரவில் கூட்டம் கலையும். ஐஸ்பழ வண்டியின் மணி தூரத்தில் போய் மறையும். தணல் சாம்பலாகும். மறுநாள் அந்தச் சாம்பலை ஒரு சிட்டிகை மடித்து வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். காப்பு அவிழும். நூல் கட்டிய இடத்தில் மணிக்கட்டைச் சுற்றி மஞ்சள் கோடு சில நாள் கிடக்கும். மறுபடி மீன் வாசம் வீட்டுக்குள் வரும். காற்று திரும்பினால் கடல் அழைக்கும். கரைத்தீவு வரை நீளும் இந்தக் கரையில் வாடிகள் மீண்டும் உயிர் பெறும்.

ஆனால் நான் நினைத்துக்கொண்டிருப்பது, கூட்டம் கலைவதற்குச் சற்று முந்திய ஒரு கணம். தணலைக் கடந்து வந்தவர் மணலில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறார். வேர்வை அடங்கவில்லை. பேச்சு வரவில்லை. தாயின் இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கிய பிள்ளை அவரிடம் ஓடுகிறது. இவ்வளவு நேரமும் ஓரத்தில் நின்று பார்த்த பிள்ளை. அப்பாவின் முகத்தைப் பார்க்கிறது. பிறகு குனிந்து, சாம்பல் படிந்த அவர் உள்ளங்காலை மெல்லத் தொட்டுப் பார்க்கிறது.